தடுப்பணை மட்டுமா காரணம்?

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அந்த ஊர் செழித்ததற்குத் தடுப்பணைகளே காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். பாதிதான் உண்மை. அந்த ஊர் இருப்பது, மலைகள் மேகத்தை மறித்துவிடும் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். எத்தனை அணை கட்டினாலும், வசதியுள்ள நாலு பேர் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் தீர்ந்தது கதை.

போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, தண்ணீரைக் குடிக்கும் கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. மழைக்காலம் முடிந்ததும் நீர் இருப்பைக் கணக்கிடுகிறார்கள். குடிக்கவும் கால்நடைக்கும் ஒதுக்கியதுபோக மிச்சத்தைப் பார்த்த பிறகே என்ன விதைப்பது என்ற பேச்சு. இதற்குத் தண்ணீர் பட்ஜெட் என்றே பெயர். மலையில் மேய்ச்சலுக்குத் தடை. புல்லை அறுத்துக்கொண்டு போகலாம். தீவனம் கிடைத்ததால் பால் பெருகியது, பிழைக்கப் போன குடும்பங்கள் பல திரும்பின. (பாலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை!)

நிலமில்லாமல் ஆடு மேய்த்துப் பிழைத்தவர்களை அந்தத் தடை என்ன செய்தது என்பதையும் விசாரித்து எழுதியிருக்கலாம். அணைக்கு நிதி கேட்பது எளிது. பக்கத்து வயல்காரரிடம் "கரும்பு போடாதீர்கள்" என்று சொல்ல நம்மில் எத்தனை ஊராட்சித் தலைவர்கள் துணிவார்கள்?