ஒன்றான விசை கடவுள் ஆகுமா?
இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளும் (ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலுவான அணுக்கரு விசை, வலுக்குறைந்த அணுக்கரு விசை) ஒன்றே என்று இயற்பியல் நிரூபித்துவிட்டால் அந்த ஒரே விசைதான் கடவுள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இது ஒப்பவில்லை. இரண்டு விசைகள் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டனவே! மின்காந்த விசையையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையையும் இணைத்ததற்காக 1979இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர், ஸ்டீவன் வைன்பர்க் கடவுளை ஏற்காதவர். கோட்பாடு என்னவோ ஒன்றுதான். 1983இல் ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில், அந்தக் கோட்பாடு முன்கூட்டியே சொன்ன டபிள்யூ, இசட் என்னும் துகள்கள் கிடைத்து அது உறுதியான பிறகும் இருவரும் அவரவர் நிலையில்தான் இருந்தார்கள். நானும் தினமும் வேண்டிக்கொள்கிறவன்தான். அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் நான் பேசியது என் குரலைக் கேட்கிற ஒருவரிடம். ஈர்ப்பு விசை யார் சொல்வதையும் கேட்காது. அப்புறம், நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டை 1915இல் ஐன்ஸ்டைன் திருத்தியது போல இந்த ஒரே விசையின் சமன்பாடும் நாளை திருத்தப்படலாம், அன்று கடவுளையும் சேர்த்துத் திருத்துவோமா?