இடது சீட்டுக்காரருக்கு பிரேக் கிடையாது

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கத் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சியில் இருந்தெல்லாம் பையன்கள் வருகிறார்கள். சந்தோஷம்தான். எல் அண்ட் டி பைபாஸில் ராத்திரி பறப்பதற்கு இது எவ்வளவோ மேல். சாதாரண ஆட்களுக்கும் கட்டுப்படியாகிற ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் இருக்கும் டிராக் அது. அங்கே புதுசாக ஓட்ட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கும்.

ஆனால் இப்படிக் காசு கட்டிச் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'யில் பாதுகாப்பு என்றாலே ஓட்டுகிறவரைப் பற்றித்தான் பேசுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற இன்ஸ்ட்ரக்டரை யாரும் நினைப்பதில்லை. எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் காரிலேயே மாஸ்டர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். டிராக்கில் நூறைத் தாண்டிப் போகிற காரில் அவருக்கு எதுவும் கிடையாது. வாய் ஒன்றுதான். ஹெல்மெட்டும் இன்ஜின் சத்தமும் சேர்ந்தால் அதுவும் பாதிதான் கேட்கும். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம் இல்லாமல் ஒருவரை அந்தச் சீட்டில் உட்கார வைப்பதே தப்பு என்பேன்.

2013 அக்டோபரில் ஷான் எட்வர்ட்ஸ் இறந்தது இப்படித்தான். அந்த வருடம் போர்ஷே சூப்பர்கப் என்ற கார் பந்தயத் தொடரின் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ரேஸ்வேயில் ஓர் இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தபடி பயணி சீட்டில் இருந்தபோது கார் மோதியது. அவ்வளவு திறமையும் அந்தச் சீட்டில் உதவவில்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டு டிராக்கில் லம்போர்கினியில் உட்கார்ந்திருந்த 36 வயது இன்ஸ்ட்ரக்டர் விபத்தில் இறந்து போனார். அந்த டிராக்கை வடிவமைத்த திசைக்கு எதிராக ஓட்ட விட்டிருந்தார்கள். அதனால் தடுப்புக் கம்பியின் முனை வருகிற காரைப் பார்த்து நின்றது. இதை ஓட்டுநரின் பிழை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

நம் ஊரில் இன்னொரு சிக்கல். காசு கட்டி வருகிறவர் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பையன், சொல்லித் தருகிறவர் நாள் சம்பளத்துக்கு வருகிறவர். "நம்ம அண்ணனுக்கு வேண்டியவருங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஏற்பாட்டாளர் சொல்லிவிட்டால், "தம்பி, வேகத்தைக் குறை, பிட்டுக்குள் வா" (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) என்று அவர் எப்படிக் கண்டிப்பாகச் சொல்வார்? சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஆகவே எந்த நேரத்திலும் காரை நிறுத்தச் சொல்லவும், பிடிக்காத காரில் ஏற மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று காலை பிரீஃபிங்கிலேயே எல்லார் முன்னாலும் அறிவிக்க வேண்டும். மறுத்தாலும் அன்றைய சம்பளம் குறையக் கூடாது. முதல் ரவுண்டு அவரே ஓட்டிக் காட்டட்டும். காரின் நிலைமையும் அப்போது தெரிந்துவிடும்.

கார் என்றதும் பிரேக் ஆயிலைச் சொல்ல வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். டிராக்கில் தொடர்ந்து அழுத்தினால் ஆயில் கொதித்து, பெடல் அப்படியே தரையைத் தொடும். எக்ஸாஸ்டுக்கும் அலாய் வீலுக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இதை மாற்றுவதில்லை. ஓட்டுகிறவருக்கு நாலு பாயின்ட் ஹார்னெஸ் (நாலு இடத்தில் இறுக்கும் ரேஸ் பெல்ட்), பக்கத்தில் இருப்பவருக்கு கம்பெனி பெல்ட் என்று வருகிற கார்களையும் உள்ளே விடக் கூடாது. இரண்டு சீட்டுக்கும் ஒரே பாதுகாப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் இன்சூரன்ஸ். நம் சாதாரண கார் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று போட்டிருக்கும். வாசலில் கையெழுத்து வாங்கும் காகிதம் ஏற்பாட்டாளரைக் காப்பாற்றத்தான். அடுத்த டிராக் டேக்குப் பெயர் கொடுக்கும் முன், இன்ஸ்ட்ரக்டருக்கு விபத்துக் காப்பீடு யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். நேரடியான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.