56 சதுர அடிக்கு 30,000 ரூபாய்!

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறை தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பதிவில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் வயிறு எரிகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கச்சியின் மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. அவனும் கூட்டாளி ஒருவனும் தங்க ஓர் அறை வேண்டும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குப் புரோக்கர் கூட்டிப்போனார். பழைய வீடு, வெளியே இருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்ளே ஹோலை ஜிப்சம் போர்ட் வைத்து மூன்றாக மறித்திருக்கிறார்கள். எங்களுக்குக் காட்டியது நடுத்துண்டு. 7 அடிக்கு 8 அடி. மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில் போட்டிருப்பதால் கதவு பாதிதான் திறக்கும். ஜன்னலும் இருக்கிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. கண்ணாடியைத் தள்ளினால் பக்கத்து அறைக்காரரின் சட்டை தொங்குகிறது. அவருக்கு எங்கிருந்து வெளிச்சம் வருகிறதென்று எட்டிப் பார்த்தேன். டியூப் லைட்டிலிருந்து.

"காத்து வராதே அன்ரி?" என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன்.

"ஃபேன் இருக்குத்தானே தம்பி."

வாடகை 30,000. கரண்ட் பில் வேறு, தண்ணீர் வேறு, ஆறு மாத அட்வான்ஸ். சமைக்கக் கூடாது, ஆட்கள் வரக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர அடிக்கு 535 ரூபாய் வருகிறது. இதே விலையில் ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றை விட்டால் மாதம் ஐந்து இலட்சத்துக்கு மேல் கேட்க வேண்டும். கடல் தெரியும் வீட்டுக்காரனே அப்படிக் கேட்கக் கூச்சப்படுவான். "சின்ன அறை என்றால் ஏழைக்கு மலிவு, அறைக்கு அளவு வைத்துச் சட்டம் போட்டால் வாடகை ஏறிவிடும்" என்று வருகிறவர்கள் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொழும்பில் பிளேக் வந்தது 1914-இல். மறு வருடமே, 1915-இன் 19ஆம் இலக்கமாக, வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதி எடுத்துத்தான் கட்ட வேண்டும், இணக்கச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் குடியேற வேண்டும், மனிதர் வாழத் தகாத கட்டடத்தை மூட உத்தரவிடலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அளவு நாடா வீடு கட்டும்போது ஒருமுறை வருகிறது. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் ஹோலை மூன்றாக மறித்தால் யார் வந்து அளக்கிறார்கள்? காணிக்கும் அப்படித்தான். புதிய காணித்துண்டு சாதாரணமாக 150 சதுர மீட்டராவது, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சஸ் இருக்க வேண்டும் என்று 1986-இல் வந்த ஒழுங்குவிதிகள் சொல்லின. நல்ல விதிதான். ஆனால் கொழும்பில் 6 பேர்ச்சஸ் வாங்க யாரால் முடியும்? காணியைத் துண்டாட முடியாததால் வீட்டின் வயிற்றைத் துண்டாடுகிறார்கள்.

டெங்குக் காலத்தில் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருவார். பூச்சாடித் தட்டு, பீலி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் குனிந்து பார்ப்பார். அவர் வேலை அது, சரி. நுளம்பு எங்கே பெருகுகிறது என்று பார்க்க ஓர் ஆள் இருக்கிறார், மனிதன் எங்கே மூச்சுவிடுகிறான் என்று பார்க்க ஆள் இல்லை. யுத்த காலத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்த வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த ஊர், எதற்காக வந்தார்கள் என்று பொலிஸ் பதிவில் இல்லாத தமிழனைக் காண முடியாது. வீட்டுக்கு வீடு படிவம் நிரப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு அறைக்கு அறை ஜன்னல் எண்ணத் தெரியாதா?

தானே கட்டிக் கொடுத்தபோது அரசாங்கம் என்ன செய்தது? கொழும்பில் 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான குடிசைப் பகுதிகளிலிருந்து எழுப்பிய சனத்துக்கு வனாத்தமுல்ல, ஹேனமுல்ல பக்கம் மாடிவீடுகள் வந்தன. ஆரம்பத்தில் கட்டியவற்றில் 400 சதுர அடி வீடுகளும் உண்டு. தோட்டத்தில் தலைக்கு மேல் தட்டுப்போட்டு இரண்டு மூன்று குடும்பமாக இருந்தவர்களுக்கும் பல இடங்களில் ஒரே ஒரு சாவி. அதற்கும் பத்து இலட்சம், இருபது முப்பது வருடத் தவணை. கலியாணம் கட்டிய மகனும் மருமகளும் எங்கே படுப்பது என்று திட்டம் வரைந்த பெரிய மனிதர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வெளியில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. பிரான்சில் வாடகைக்கு விடும் வீட்டின் பிரதான அறை 9 சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் 20 கன மீட்டர் கொள்ளளவாவது வேண்டும். இங்கிலாந்தில் உரிமம் எடுத்து, பல பேருக்கு அறை அறையாக விடும் வீடுகளில் 2018-இலிருந்து படுக்கையறை ஒருவருக்கு 6.51, இருவருக்கு 10.22 சதுர மீட்டர். எங்களுக்குக் காட்டிய 7க்கு 8 ஐந்தேகால் சதுர மீட்டர்கூட வராது, அதுவும் இரண்டு பேருக்கு. பாரிஸிலும் லண்டனிலும் கள்ளமாக விடுகிற ஆட்கள் இல்லாமலா? நிறைய. அதில் எங்கள் ஆட்களும் அடக்கம். ஆனால் அங்கே குடியிருப்பவன் கையில் காட்ட ஓர் அளவு இருக்கிறது.

இங்கே முறையிட்டால் முதலில் தெருவுக்கு வருபவன் வாடகைக்காரன்தான். அறை மூடப்படும், அன்ரி அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார், எழுத்தில் ஒரு துண்டும் இருக்காது. அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. வாடகைக்கு விடும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பதிவு வையுங்கள். நீளம், அகலம், வெளியே திறக்கும் ஜன்னல், எத்தனை பேர். வாடகைக்கு விடத் தகாத அறை என்று மூடினால், இருக்கிறவன் வேறு இடம் பார்க்கும்வரை வாடகையும் வாங்கக் கூடாது, ஆளையும் எழுப்பக் கூடாது, அட்வான்ஸும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். இதைச் செய்யாமல் ஜன்னல் வையுங்கள் என்று மட்டும் சட்டம் போட்டால், அந்த ஜிப்சம் போர்ட்டில் இன்னொரு கண்ணாடிதான் ஏறும்.