தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள், நான் சொன்னது அவ்வளவுதான்

அந்த வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்டைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது, நானும் பேசிவிடுகிறேன். கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடி கலந்து குடியை நிறுத்தியதாக ஓர் அம்மா சொல்கிறார், பேட்டி எடுப்பவர் கைதட்டுகிறார், கீழே வரிசையாக "எங்கே கிடைக்கும்?" நான் எழுதியது ஒரே வரி. தெரியாமல் எந்த மருந்தையும் கலந்து கொடுக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. அதற்குக் கிடைத்த பட்டங்கள்: வியாபாரி, பெண்களின் கஷ்டம் தெரியாதவள், ஏசி ரூம் டாக்டர். கடைசிப் பட்டத்தை மட்டும் மே மாதம் எங்கள் ஓ.பி.யில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

மூலிகை என்று விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்காவது தெரியுமோ என்னவோ. மருந்துக்கடையில் வாங்கி நொறுக்கிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம், குடியை நிறுத்த நாங்கள் கொடுக்கும் மாத்திரை. குடித்த சரக்கு உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேற வேண்டும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். அப்படியிருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். கல்லீரலைப் பரிசோதிக்காமல் நாங்களே ஆரம்பிக்க மாட்டோம். அரிஷ்டத்தில்கூட ஆல்கஹால் உண்டு, தெரிந்து மாத்திரை போடுகிறவர் அதையும் தவிர்ப்பார். தெரியாதவர் எப்படித் தவிர்ப்பார்?

பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, கல்யாண வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு என்று நினைத்து ஈசிஜி, சலைன் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம். மனைவி வாயே திறக்கவில்லை. நர்ஸம்மா தனியாகக் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் ஏற்கெனவே "சோத்துல எனக்கு என்னமோ வைக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பல வருடம் குடிப்பவர்களிடம் இந்த மாதிரிச் சந்தேகத்தை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். இவருக்கு அது நிரூபணமே ஆகிவிட்டது. அப்புறம் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. மூன்று வேளையும் ஓட்டல், ஓட்டலுக்குப் பக்கத்திலேயே டாஸ்மாக்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா, இந்த மாத்திரை வேலை செய்வதே "போட்டிருக்கிறேன், இன்றைக்குக் குடித்தால் தொலைந்தேன்" என்ற பயத்தில்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த தொகுப்பாய்வு அதைத்தான் காட்டியது: என்ன மாத்திரை என்று தெரிந்து சாப்பிட்ட ஆய்வுகளில் பலன் இருந்தது, மறைத்துக் கொடுத்த ஆய்வுகளில் இல்லை. தெரியாமல் கலக்கிறவர்கள் மருந்தின் பலனை எடுத்துவிட்டு ஆபத்தை மட்டும் பரிமாறுகிறார்கள். மும்பையில் டி சூசா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 100 ஆண்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வீட்டு ஆட்கள் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து, டைசல்ஃபிராம் சாப்பிட்டவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். குடிக்கான இன்னொரு மாத்திரையான நால்ட்ரெக்ஸோன் சாப்பிட்டவர்களில் 44 சதவீதம். மனைவி கொடுக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாகக் கொடுங்கள், அவருக்குத் தெரிந்து கொடுங்கள்.

"உங்களுக்கு வியாபாரம் போயிடும்." ஆமாம், பெரிய வியாபாரம். குடிநோய் சிகிச்சையை நான் என் துறையாக எடுத்தபோது ஒரு பேராசிரியர் "குடிகாரனைப் பத்தி ஆராய என்னம்மா இருக்கு?" என்றார். என் மாமியார் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் என்னை நரம்பு டாக்டர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். ஆராய்ச்சிக்காக நோயாளிகளுக்கு ஆறாவது மாதம் ஃபோன் அடித்தால் சிம் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், விசாரித்துக் கண்டுபிடித்துப் போனால் சில வீடுகளில் மாலை போட்ட படம்தான் இருக்கும். இந்த வியாபாரத்தில் பங்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், இலவசமாகவே தருகிறேன்.

"உங்க வீட்டுக்காரர் குடிச்சாத்தான் தெரியும் மேடம்." என் வீட்டில் யார் குடித்தார்கள் என்று உங்களிடம் கணக்குக் காட்டி அனுமதி வாங்கித்தான் நான் வைத்தியம் பார்க்க வேண்டுமா? இதை எழுதியவர்களில் பாதிப் பேர் ஆண்கள் என்பதையும் கவனித்தேன்.

"அடி வாங்குறவகிட்ட நியாயம் பேசாதீங்க" என்றார் ஒருவர். அடி வாங்குகிறவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, அழையுங்கள். பொடி அடியை நிறுத்தாது. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவதும் நீங்கள்தான்.

"அவர் டாக்டர்கிட்ட வரவே மாட்டார்." இது நிஜம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. தெருவுக்குத் தெரு கடை திறக்கத் தெரிந்த அரசுக்கு மீதி 37 பேரை வரவைக்கத் தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் என்னைத்தான் கேட்கிறீர்கள். சரி, அவர் வராவிட்டால் நீங்கள் வாருங்கள். அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எப்போது பேசுவது, எப்போது விலகுவது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்ததில், வரவே மாட்டேன் என்றவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். ஓ.பி. சீட்டை உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

கமெண்டில் என்னைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள், விட்டுவைப்பேன். பொடி விற்கிறவர் ஃபோன் நம்பரைப் போட்டால் மட்டும் தூக்கிவிடுவேன்.