முதலில் கவிதை, பிறகு பொன்னாடை

புதிதாக வந்த கவிதைத் தொகுப்பை வெளியீட்டு விழாவோடு விட்டுவிடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் பலரும் சறுக்குவது நிகழ்ச்சி நிரலில். 6 பேர் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து கவிஞர் ஏற்புரைக்கு எழும்போது பாதி நாற்காலி காலி. ஒரு கவிதைகூடக் காதில் விழுந்திருக்காது.

கவிஞரே முதலில் வாசிக்கட்டும்: 15 நிமிடம், ஏழெட்டுக் கவிதை. குறுங்கவிதை என்றால் இரண்டு முறை, நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட்டு. பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் புத்தகம் கையில் இருப்பவர்கள் புரட்டிப் பிடித்துக்கொள்வார்கள். மைக்கை வாய்க்கு நேரே ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு 'ப்'பும் வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள்.

நூலக வாசகர் வட்டத்தில் 20 பேர் வந்தாலே நல்ல கூட்டம். 30 பிரதிகள் போதும், மூட்டை சுமக்க வேண்டாம். விற்பனை மேசை வாசலருகே இருக்கட்டும். 120 ரூபாய்ப் புத்தகத்தை அன்றைக்கு 100 என்று வைத்தால் சில்லறைத் தொல்லை இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நாட்களில் மட்டும் தனிக்கூட்டம் வைக்காதீர்கள். வரவேண்டியவர்கள் எல்லாம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.