சார்ஜர் உள்ளேயா, வெளியேயா?

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பைத் தனி ட்ரேயில் வைக்கணும், சரி. சார்ஜர்? போகும்போது “அது உள்ளேயே இருக்கட்டும்” என்றார்கள். திரும்பும்போது, வேறொரு விமான நிலையத்தில், அதே பையைக் கவிழ்த்து ஒயரையெல்லாம் ஒவ்வொன்றாக உருவச் சொன்னார்கள். பெல்ட்டும் அப்படித்தான். அங்கே கழற்றாமல் வந்ததற்கு முறைப்பு, இங்கே கழற்றினால் “ஏன் சார் வரிசையை நிறுத்துறீங்க?” என்று அதட்டல்.

கைப்பையில் 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால், விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கத் தீட்டிய 2006 லண்டன் சதித்திட்டம் இருக்கிறது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கணும் என்பதும் தீப்பிடிக்கும் பயத்தால்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் சிரித்தபடி அனுப்பிய அம்மாவின் மாவடு பாட்டிலை இன்னொருவர் ஏன் குப்பையில் போடணும்? (அது போன வருஷத்து மாவடு வேறு!) கேட்டால், “இங்க இப்படித்தான்.” அந்த ‘இப்படித்தான்’ என்னவென்று வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?