வட்டத்துக்குள் மேலாளர்

(அலுவலகக் கூடம். பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சூடு ஆறாத மேலாளர், சாக்பீஸால் தரையில் வட்டம் போடுகிறார்.)

எழுத்தர்: யாருக்கு சார் சூனியம்?

மேலாளர்: இது லீன் நிர்வாகம், வேலையில் விரயத்தைத் தேடிக் களையும் முறை! டொயோட்டாவில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர், தொழிற்சாலைத் தரையில் இப்படி வட்டம் போட்டு ஆளை நிறுத்திவைப்பாராம். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே நின்றால் விரயம் தானாகக் கண்ணில் படும். உள்ளே வாருங்கள்.

எழுத்தர்: அவர் நிறுத்தியது மேலே இருப்பவர்களைத்தானே சார்? நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மேலாளர்: (வட்டத்துக்குள் நின்று) சரி, நானே நிற்கிறேன். நாம் என்ன காரா செய்கிறோம் என்று கேட்காதீர்கள். சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-லேயே இதைக் கையில் எடுத்துவிட்டது. விரயம் 7 வகை: அதிக உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, தேவைக்கு மிஞ்சிய வேலை, தேங்கிய இருப்பு, வீண் நடை, பிழை.

எழுத்தர்: ஏழும் இங்கேயே கிடைக்கும் சார். வெளியே அலைய வேண்டாம்.

மேலாளர்: அதிக உற்பத்தி எங்கே?

எழுத்தர்: மாதாந்திர அறிக்கை மூன்று பிரதி. ஒன்று உங்களுக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவது, முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தன என்பதற்குச் சான்று.

மேலாளர்: படிக்காமலா இருக்கிறோம்?

எழுத்தர்: போன மாதம் நடுப்பக்கங்களை வெற்றுத்தாளாக வைத்தேன். 'மிக நன்று' என்று எழுதியிருந்தீர்கள்.

மேலாளர்: (தொண்டையைச் செருமி) ஏழில் அதிக உற்பத்திதான் மகா மோசம் என்று ஓனோவே சொல்லியிருக்கிறார். விடுங்கள். முகவரி மாற்றும் விண்ணப்பம் ஏன் ஒன்பது நாள் இழுக்கிறது?

எழுத்தர்: வேலை ஐந்து நிமிடம். மிச்சமெல்லாம் உங்கள் மேசையில் கையொப்பத்துக்குத் தவம்.

மேலாளர்: கொண்டுவாருங்கள், இங்கேயே போடுகிறேன். என் பேனா?

எழுத்தர்: மேசையில்.

மேலாளர்: நான் வட்டத்தை விட்டு வரக்கூடாது. எடுத்துவாருங்கள்.

எழுத்தர்: அது வீண் நடை சார். ஆறாவது.

மேலாளர்: (திரும்பிப் பார்த்து) என் பின்னால் ஏன் இவ்வளவு கூட்டம்?

எழுத்தர்: வட்டத்தில் ஒருவர் நிற்கிறாரே, இதுதான் வரிசை போலும் என்று நின்றுவிட்டார்கள். நல்லவேளை, நீங்கள்தான் முதல் ஆள். சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்?

மேலாளர்: பேனா ஐயா, பேனா!

எழுத்தர்: அதற்குத் தனி விண்ணப்பம் சார். மேலாளர் கையொப்பமிட வேண்டும்.